மெத்தையில் சார்ஜ் போட்ட கன்ட்ரோலர்

கால் முறிந்து மாவுக்கட்டுடன் படுத்திருந்த என் கணவருக்குப் பொழுது போக வேண்டுமே என்று, தேனிக்குப் போனபோது வயர் இல்லாத வீடியோ கேம் கன்ட்ரோலர் ஒன்று வாங்கி வந்தேன். கைக்குப் பிடிமானமாக இருக்கிறதா, பட்டன் நன்றாக அமுங்குகிறதா என்று மட்டும்தான் பார்த்தேன்.

மறுநாள் காலை அதைக் கட்டிலிலேயே, அவர் காலருகே சார்ஜ் போட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனேன். சிறிது நேரத்தில் அவர் அலறினார்.

"செல்வி, இங்கன ஓடியா! மெத்தை புகையுது!"

ஓடினேன். கன்ட்ரோலர் உப்பி, ஓரம் பிளந்து, உஸ்ஸென்று சீறிக்கொண்டிருந்தது. அடியில் இருந்ததோ இலவம்பஞ்சு மெத்தை. ஒரு பொறி போதும். அவரால் எழுந்து ஓட முடியாது. என்னால் அவரைத் தூக்கவும் முடியாது. சுவிட்சை அணைத்துச் சார்ஜர் வயரைப் பிடுங்கினேன். குப்பை அள்ளும் தகர முறத்தில் அதைத் தள்ளிக் கொண்டுபோய் வாசலில் வீசினேன். விழுந்ததும் குபீரென்று தீப்பிடித்தது. கருகிய மெத்தையில் தண்ணீரை ஊற்றிய பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது.

எரிந்து மிஞ்சியதைப் பழுது பார்க்கும் கடையில் காட்டினேன். "சார்ஜ் நெறஞ்சதும் தானா நிக்கிற வசதி இதுல இல்லக்கா. அதைக் கேக்காம வாங்கிட்டீகளே!" என்றார் கடைக்காரர்.

இப்போது எங்கள் வீட்டில் இருப்பது, கழற்றி மாட்டும் பென்சில் பேட்டரி போடுகிற கன்ட்ரோலர். செல்போனைக்கூட மெத்தையில் வைத்துச் சார்ஜ் போடுவதில்லை. சிமென்ட் தரையில், கண்ணெதிரே மட்டும்தான். இருந்தும், அவர் கூப்பிட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு இன்னமும் ஓடுகிறேன்.

– செல்வி, கெங்குவார்பட்டி