தேத்தண்ணி வேண்டாம்

போன ஞாயிற்றுக்கிழமை லண்டன் மோர்டனுக்குப் போனேன், சுகம் விசாரிக்க. என் சித்தப்பாவின் மகள் வதனியின் வீடு. காயப்பட்டது வதனியின் மகள் அபி. வயது எட்டு.

இடது தோளிலிருந்து முழங்கை வரை கட்டு. ஆனாலும் ஓரிடத்தில் இருந்தாளா? சோபாவில் ஏறினாள், குதித்தாள், நான் கொண்டுபோன திராட்சையைப் பிரித்தாள், பாதியில் விட்டு ஜன்னலுக்கு ஓடினாள்... பார்த்துக்கொண்டிருந்த எனக்கே மூச்சு வாங்கியது.

நடந்தது இதுதான். வதனி நூடில்ஸுக்குத் தண்ணீர் கொதிக்க வைத்திருக்கிறாள். பின்வளவில் நரி. அதைப் பார்க்க அபி குசினி ஜன்னலுக்குப் பாய்ந்திருக்கிறாள். கண் நரியில், கை சட்டியின் பிடியில். கொதிதண்ணீர் முழுக்கத் தோளில்.

"சரியான குழப்படி அண்ணை. அடுப்படிக்கு வராத எண்டு எத்தினை தரம் சொல்லுறது?" என்றாள் வதனி. சொல்லும்போதே அழுதாள்.

எத்தனை தரம் சொன்னாலும் அந்தப் பிள்ளையால் ஓரிடத்தில் நிற்க முடியாது. பள்ளிக்கூடத்தில் இதை இரண்டு வருஷத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். கவனக்குறைபாடாக — ஏடிஎச்டியாக — இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள் என்று. காட்டினார்களா? வதனியின் கணவன் சிவா அன்று போனில் என்னிடம் பொரிந்து தள்ளினான். "பொம்பிளைப் பிள்ளை அண்ணை! இப்பவே இப்பிடி ஒரு பேர் வைச்சா நாளைக்கு ஆர் கட்டுவினம்?"

ஆறு வயதுப் பிள்ளைக்குக் கல்யாணக் கவலை!

இப்போது ஆஸ்பத்திரி நர்ஸும் சொல்லிவிட்டாள். இப்படியான பிள்ளைகளுக்குச் சூட்டுக்காயம் படும் ஆபத்து கூடுதல். ஏசிப் பிரயோசனமில்லை. சட்டியைப் பின்னடுப்பில் வையுங்கள், குசினி வாசலுக்கு கேட் போடுங்கள் என்று.

வாசலைப் பார்த்தேன். கேட் இல்லை.

"சனம் வந்து போற வீடு அண்ணை. எட்டு வயசுப் பிள்ளைக்கு ஏன் கேட் எண்டு கேட்டா என்னத்தைச் சொல்லுறது?" என்றாள் வதனி.

சனம் வராமலா? பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் வந்தார். வந்ததும் அவர் கேட்டது: "தழும்பு நிக்குமோ? பொம்பிளைப் பிள்ளையெல்லோ..." பக்கத்தில் இருந்த சிவா நிலத்தைப் பார்த்தான்.

அவர் போனதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இப்பவாவது டாக்டரிட்டக் காட்டு" என்றேன்.

"முதல் இந்தக் காயம் மாறட்டும் அண்ணை," என்றான் சிவா. "ரெண்டும் சேர்ந்து வெளிய தெரிஞ்சா...?"

இவர்களிடம் நான் என்ன பேசுவது? கெட்டவர்களா? இல்லையே... அந்தப் பிள்ளைக்காக உயிரை விடுவார்கள். ஒரு கேட் மட்டும் போடமாட்டார்கள். எனக்கு மனம் விட்டுப்போயிற்று.

"இருங்கோ அண்ணை, தேத்தண்ணி போடுறன்." வதனி எழுந்து குசினிக்குப் போனாள். தண்ணீர் வைத்த கேத்தில் இரையத் தொடங்கியது. அபி சோபாவிலிருந்து குதித்து, அம்மாவுக்குப் பின்னால் ஓடினாள்.

"தேத்தண்ணி வேண்டாம்!" என்று கத்தினேன்.

அந்த வீட்டில் என்னால் நிறுத்த முடிந்தது அது ஒன்றைத்தான்.