பல்லைக் கடித்துக்கொண்டிருந்த வருஷங்கள்

அம்மா செங்கோட்டையில் அண்ணன் வீட்டில் இறந்தபோது நான் கோயம்புத்தூரில் இருந்தேன். கிளம்பி, ராஜபாளையம் தாண்டும்போது அண்ணனுக்குப் போன் செய்து, "வந்துட்டே இருக்கேன், எடுத்துராதண்ணே" என்றேன். சரி என்றான். நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

அதோடு அண்ணனிடம் பேச்சை நிறுத்தினேன். பிறகு என் கணவருக்கு மாற்றலாகித் தென்காசிக்கே குடிவந்தும், பக்கத்திலிருந்த செங்கோட்டைக்கு நான் போகவில்லை.

காலையில் எழுந்தால் தாடை வலிக்கும். காதுவரை இழுக்கும். பிரஷருக்கு மாத்திரையும் ஆரம்பித்தாயிற்று. ஒருநாள் இட்லி தின்னும்போதே கடைவாய்ப்பல் உடைந்தது.

"தூக்கத்துல பல்லைக் கடிக்கீங்க. எல்லாம் தேஞ்சு போயிருக்கு. கேப் போட்டாலும் அதையும் உடைச்சிருவீங்க. மனசுல ஏதும் கவலை இருக்கா?" என்றார் பல் டாக்டர்.

இல்லை என்றேன். வெளியே வந்ததும் என் கணவர் சொன்னார்: "ராத்திரி மட்டுமில்ல. உங்க அண்ணன் பேச்சை எடுத்தாலே தாடை இறுகிருது. கண்ணாடியில பாரு."

அந்த ஞாயிற்றுக்கிழமை செங்கோட்டைக்குப் போனேன். அண்ணன் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். தாடி நரைத்திருந்தது. உட்காருவதற்கு முன்பே கேட்டேன்.

"ஏன் எனக்காகக் காத்திருக்கல?"

துணியைக் கீழே வைத்தான். "மழை வருதுன்னு எல்லாரும் அவசரப்படுத்தினாங்க. நீ வந்து அழுதா நானும் உடைஞ்சிருவேன்னு பயமா இருந்துச்சு. சரின்னுட்டேன். தப்புதான்ட்டி."



"அம்மா முகத்தை நான் பாக்கலையேண்ணே" என்றேன். அவன் அழுதான். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, விடு" என்றேன். அவனுக்காக மட்டும் சொல்லவில்லை. எனக்கு அலுத்துப்போயிருந்தது.

வலி மறுநாளே போய்விடவில்லை. சில மாதங்களில் குறைந்தது. ராத்திரி பல் கடிக்கும் சத்தம் நின்றுவிட்டதாகக் கணவர் சொன்னார். பிரஷர் மாத்திரையின் அளவையும் டாக்டர் குறைத்தார். இதற்கிடையில் தினமும் காலையில் நடக்கவும் ஆரம்பித்திருந்தேன், எது எதனால் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அம்மா முகத்தைப் பார்க்காத வருத்தம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் இப்போது நினைத்தால் அழுகை வருகிறது, அவ்வளவுதான். உடம்பு விறைப்பதில்லை.

போன சாரல் சீசனில் இரண்டு வீட்டாரும் சேர்ந்து ஐந்தருவியில் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு பஜ்ஜி தின்றுகொண்டிருந்தோம். அம்மாவுக்குக் கடைசியாக எந்தச் சேலை கட்டினார்கள் என்று அண்ணனிடம் கேட்டேன்.

"நீ எடுத்துக் குடுத்த பச்சைதான்" என்றான்.