தம் கட்டாதீங்க

சங்கரன்கோவிலில் இருந்துகொண்டு கடலுக்கடியில் போக ஆசைப்பட்டது நான் இல்லை, என் வீட்டுக்காரர். அந்தமானுக்கும் அப்பால் ஆள் குடியில்லாத ஒரு தீவு. அதைச் சுற்றி ஒரு வாரம் படகிலேயே சாப்பிட்டு, படகிலேயே தூங்கி, முதுகில் காற்று சிலிண்டரை மாட்டிக்கொண்டு தினமும் கடலுக்குள் இறங்க வேண்டும். போனில் பார்த்த ஏதோ ஒரு வீடியோவில் தொடங்கிய கிறுக்கு இது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனுஷன் பழனிக்கோ காசிக்கோ கூப்பிட்டால் என்ன குறைந்துபோகும்?

கடலுக்குள் ஜோடி ஜோடியாகத்தான் இறங்க வேண்டுமாம். ஒருவரை ஒருவர் கண் எடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். "எனக்கு ஜோடி நீதான்ட்டி" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே இல்லை. அதில் மயங்கித்தான் நாற்பத்தெட்டு வயசில் நீச்சல் பழகினேன். பிறகு இருவருமாகத் தூத்துக்குடியில் பயிற்சிக்குச் சேர்ந்தோம்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அந்த ஊர்க்காரர். முதல் நாளே எங்களை உட்கார வைத்து ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். தண்ணீருக்குள் என்ன நடந்தாலும் மூச்சை நிறுத்தக் கூடாது. சிலிண்டர் காற்றை ஆழத்தில் இழுத்து, அதை அப்படியே நெஞ்சில் அடக்கிக்கொண்டு மேலே வந்தால், உள்ளே இருக்கிற காற்று உப்பும். அளவுக்கு மீறிக் காற்றடித்த சைக்கிள் ட்யூப் மாதிரி நுரையீரல் கிழிந்துவிடும். "அண்ணாச்சி, மூச்சு விட்டுக்கிட்டே இருக்கணும். அவ்வளவுதான் சூத்திரம்" என்றார்.

இவர் பனவடலிசத்திரத்துக்காரர். அந்தக் கரிசல்காட்டில் பையன்கள் நீச்சல் பழகுவது கிணற்றில். பம்புசெட் ரூம் மேலிருந்து குதித்து, தம் கட்டி அடிவரை முங்கி, ஒரு கை மண்ணை அள்ளிக்கொண்டு வந்து மேலே நிற்பவர்களிடம் காட்ட வேண்டும். மண் எடுக்காதவனை யாரும் மதிக்க மாட்டார்கள். இவர் எட்டு வயசில் எடுத்தாராம். தண்ணீரைக் கண்டாலே தம் கட்டுவது ரத்தத்தில் ஊறிப்போன பழக்கம். அது எங்கே போய் முடியும் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

கடல் பயிற்சியின் மூன்றாம் நாள் இவர் முகத்தில் மாட்டியிருந்த நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. பக்கத்தில்தான் இருந்தேன். இவர் வாயிலிருந்து கொப்பளித்துக்கொண்டிருந்த குமிழிகள் சட்டென்று நின்றன. கன்னம் உப்ப, காலை உதைத்து நேரே மேலே கிளம்பினார். பயிற்சியாளர் பாய்ந்து கணுக்காலைப் பிடித்து இழுத்து, நெஞ்சில் தட்டித் தட்டி, மூச்சை விடவைத்த பிறகுதான் மேலே விட்டார். கரைக்கு வந்து இவர் சிரிக்கிறார். நான் அவர் நெஞ்சைத் தடவித் தடவிப் பார்த்தேன்.

"இதுக்குப் போயி இப்படிப் பயப்படுதே? தண்ணி எனக்குப் புதுசா? தம் கட்டுனேன்னா கெணத்தடி மண்ண அள்ளிட்டு வந்துருவேன்."

"அங்கன தம் கட்டுனா உசுரு இருக்கும். இங்கன தம் கட்டுனா உசுரு போயிரும். மண்டைல ஏறுதா இல்லையா?"

ஏறவில்லை. எப்படியோ சான்றிதழ் வாங்கிவிட்டோம். வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்துவிட்டார். எந்த மாதம் கடல் அமைதியாக இருக்கும், எந்தப் படகில் ரூம் பெரிசு, எத்தனை தடவை இறங்கலாம் என்று ஒரே பேச்சு. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். படகுக்காரர்களுக்கே போன் போட்டுக் கேட்டேன்: அங்கே ஒருவருக்கு மூச்சில் கோளாறானால் பக்கத்தில் ஆஸ்பத்திரி எங்கே? எடுத்த பெண் இனிமையாகச் சொன்னாள், படகைத் திருப்பி ஒரு ராத்திரி முழுக்க ஓட்டினால் வந்துவிடலாம் என்று. அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கோயில் வாசலில் உரு விற்பார்கள். பாம்பு, தேள், கை, கால், கண் என்று தகட்டில் வெட்டியது. எதற்குப் பயமோ, எங்கே நோவோ, அதை வாங்கி உண்டியலில் போடுவோம். கடைக்கார அம்மாவிடம் நுரையீரல் இருக்கிறதா என்று கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அதெல்லாம் தனியா வராது தாயி. முழு ஆளா போட்டுருங்க, எல்லாம் அதுக்குள்ளதான இருக்கு." முழு ஆளாகவே வாங்கி, கோமதி அம்மனிடம் வாய்க்கு வந்தபடி சண்டை போட்டுவிட்டு உண்டியலில் போட்டேன்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் பயிற்சியாளரைக் கெஞ்சித் திருநெல்வேலி நீச்சல்குளத்துக்கு வரவழைத்தேன். இவரை ஒருமுறை சோதித்துப் பாருங்கள், சரியில்லை என்று நீங்கள் சொன்னால் கேட்பார் என்றேன். மூவரும் சிலிண்டரோடு குளத்தின் ஆழமான பக்கம் இறங்கினோம். பயிற்சியாளர் வேண்டுமென்றே இவர் கண்ணாடியை இழுத்துத் தண்ணீர் புக விட்டார். நான் இவர் வாயையே பார்த்தேன். குமிழி வந்தது. மறுபடி வந்தது. நிற்கவே இல்லை. மேலே வரும்போதும் கண்ணை எடுக்கவில்லை. பாதி வழியில் பயிற்சியாளர் என் தோளை இறுக்கிப் பிடித்து, நெஞ்சில் தட்டினார். சந்தோஷத்தில் தட்டுகிறார் என்று நினைத்தேன்.

தலை வெளியே வந்ததும் காற்று இழுக்கும் வாய்க்கருவியைக் கழற்றிவிட்டு, "பாத்தீங்களா, மூச்சு விட்டாக!" என்று கத்தினேன்.

பயிற்சியாளர் சிரிக்கவில்லை. "அண்ணாச்சி நல்லா விட்டாக. நீங்கதான் அக்கா விடல. கண்ணாடில தண்ணி ஏறுனதுல இருந்து அவுகளையே பாத்துக்கிட்டு மூச்ச நிறுத்திட்டீங்க. அப்படியே மேல வந்தீங்க. நான் பிடிக்கலன்னா என்ன ஆயிருக்குமோ."

இவர் குளத்துச் சுவரைப் பிடித்தபடி நின்றார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். வழக்கமாகப் பனவடலிசத்திரம் வந்ததும் கிணறு இருக்கிற பக்கம் கையைக் காட்டி ஏதாவது அளப்பார். அன்றைக்கு ஊர் தாண்டியதுகூட அவருக்குத் தெரியவில்லை. என் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போகாண்டாம்னு சொல்லிருவமாட்டி?" என்றார் கடைசியில்.

எத்தனையோ மாதமாக நான் கேட்கத் தவித்த வார்த்தை. சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். எல்லாம் அதோடு முடிந்துவிடும். ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்தேன். சரி என்றால் இனி இந்த மனுஷன் எந்தத் தண்ணீரிலும் இறங்க மாட்டார், கிணற்றில்கூட. நான்தான் அதைச் செய்திருப்பேன்.

"போவோம்" என்றேன். "நீங்க என்னயப் பாத்துக்கிடுங்க."

தலையை ஆட்டிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை சில்லிட்டிருந்தது. எங்கள் வீட்டில் பயப்படாத ஆள் இனி யாரும் இல்லை.