பரிபூரணத்துக்கு அடிக்காத மணி

நீங்கள் நம்ப வேண்டாம். ஆனால் அன்று என் காதால் கேட்டு நான் எண்ணிய எண்ணிக்கை இன்றுவரை மாறவில்லை. 1993 நவம்பர் 2, செவ்வாய்க்கிழமை. ராஜபாளையம். மாலை ஆறேகால் முதல் ஏழு மணிக்குள் நடந்தது. நடந்தபடியே எழுதுகிறேன்.

எங்கள் மாதா கோவிலுக்குப் பொன்விழா. விழா மலருக்குக் கோவிலின் வரலாற்றை எழுதும் பொறுப்பு என்னுடையது. ஆலையில் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் செங்கல் சுமந்து கட்டிய கோவில். ஆலைச் சங்கு ஊதி ஓய்ந்த பிறகுதான் அங்கே மணி அடிப்பார்கள். யாராவது இறந்தால் துக்க மணி. வயது எத்தனையோ அத்தனை அடி. எண்ணிப் பார்த்தே யார் போனது என்று தெருவில் சொல்லிவிடுவார்கள்.

ஒருத்திக்கு மட்டும் அது அடிக்கப்படவில்லை.

பரிபூரணம். 1981-இல் என்னோடு ஆலையில் வேலை பார்த்தவள். வயது இருபத்துநாலு. ஒருநாள் தன் தோளைத் தொட்ட மேஸ்திரி ஐயாதுரையின் கையை எல்லோர் முன்னாலும் தட்டிவிட்டாள். மறுநாள் அவளைப் பஞ்சு குடோனுக்குள் தள்ளிப் பூட்டினார் அவர். சாவி அவருடைய சட்டைப்பைக்குள் போனதை நான் ஒருத்திதான் பார்த்தேன். அரை மணி நேரத்தில் குடோன் எரிந்தது. அவளே கொளுத்திக்கொண்டாள் என்றார் ஐயாதுரை. தற்கொலை என்றால் அப்போது எங்கள் கோவிலில் மணி கிடையாது. கல்லறைத் தோட்டத்தில் இடமும் கிடையாது.

பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "நீ எதுவும் பாத்தியாம்மா?"

"பாக்கல, சாமி."

வேலை நிரந்தரமாகி எனக்கு ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. சுற்றுச்சுவருக்கு வெளியே, உடைமுள்ளுக்கு நடுவில் அவளைப் புதைத்தார்கள்.

பிறகு நான் ஆலையை விட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் குடிபோனேன். கதைகள் எழுதினேன். யார் யாருடைய மனதையோ தோண்டி எழுதிய எனக்கு, அந்த இரண்டு வார்த்தைகளை மட்டும் தொட முடியவில்லை. மலருக்காக முதல்முறையாக, பரிபூரணம் எப்படிச் செத்தாள் என்பதை ஒரே பக்கத்தில் எழுதியிருந்தேன். மறுநாள் காலை அச்சகத்தில் கொடுக்க வேண்டும்.

அன்று கல்லறைத் திருநாள். ஊரே மெழுகுவர்த்தியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தது. பீடத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில் நான் மட்டும் உட்கார்ந்து தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அய்யனார் கோவில் மலைப்பக்கம் மழை இருட்டியிருந்தது. மேசைக்கடியில், சாக்கில் சுற்றிய ஏதோ இரும்பு. அதன்மேல் காலை வைத்திருந்தேன்.

அது சூடாக இருந்தது. அந்தக் குளிரிலும்.

ஆறேகாலுக்கு ஐயாதுரை வந்தார். இப்போது அவர்தான் விழாக் கமிட்டித் தலைவர்.

"என்னமோ எழுதியிருக்கியாமே ஏட்டி. குடு பாப்போம்."

படித்தார். சிரித்தார்.

"நல்லாத்தான் எழுதுத. இதையும் எழுது. சாமிகிட்ட பாக்கலன்னு சொன்னது ஆரு?"

"அது... அண்ணாச்சி..."

"அவளை நான் ஒருக்கத்தான் பூட்டுனேன். நீ பன்னெண்டு வருசமா பூட்டி வச்சிருக்க. இப்ப என்ன புதுசா?"

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று சாவி போன அதே பக்கம். அதே பை.

ஆறு முப்பத்தெட்டு. கரண்ட் போனது.

டங்...

துக்க மணி.

டங்...

என் காலுக்கடியில் இருந்த இரும்பு ஒவ்வொரு அடிக்கும் அதிர்ந்தது. நான் எண்ணினேன். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது தானாக வரும். இருபத்திரண்டு... இருபத்துமூன்று... இருபத்துநாலு.

நின்றது.

"எந்தப் பய வெளாடுதான்?" ஐயாதுரை டார்ச்சை எடுத்துக்கொண்டு மணிக்கூண்டுக்குப் போனார். நான் பின்னால் போனேன். கூண்டின் கீழறைக்குள் அவர் நுழைந்ததும் கதவு சாத்திக்கொண்டது.

பூட்டு விழும் சத்தம்.

"ஏட்டி... கதவைத் தெற."

பஞ்சு கருகும் வாடை...

"தெறட்டி. மூச்சு முட்டுது."

டங்... டங்...

உள்ளங்கையால் கதவை அறைந்தார். கதவு எனக்கு ஒரு கை தூரத்தில் இருந்தது.

நான் அசையவில்லை.

பயமா? இல்லை. பயம் என்றே பிறகு எல்லோரிடமும் சொன்னேன். எனக்குள்ளே ஒரு குரல், "அடிக்கட்டும்" என்றது. அது அவளுடைய குரல் இல்லை. என்னுடையது.

ஐம்பத்தாறு... ஐம்பத்தேழு... ஐம்பத்தெட்டு.

அறைதல் நின்றது.

மணி அதோடு முடியவில்லை. கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி...

டங்...

எண்ணினேன்.

ஆறு ஐம்பத்தைந்துக்கு கோவிலில் மணி அடிக்கும் உபதேசியார் பொன்னுராஜ் கல்லறைத் தோட்டத்திலிருந்து ஓடிவந்தார். ஒரு விரலால் தள்ளினார். கதவு திறந்தது. அந்தக் கதவில் பூட்டு இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. ஐயாதுரை செத்துக் கிடந்தார். இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை. சட்டையில் பொட்டுத் தீ படவில்லை. பைக்குள் இருந்த என் தாள் மட்டும் கரியாகியிருந்தது. மாரடைப்பு என்றார் டாக்டர். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு.

மறுநாள் பொன்னுராஜ் என்னை மேசைக்கடியில் பார்க்கச் சொன்னார். சாக்கைப் பிரித்தார். உள்ளே மணியின் நாக்கு, மணிக்குள் ஆடி அதை ஒலிக்கவைக்கும் இரும்பு.

"முந்தாநாளே ரிப்பேருக்குக் கழட்டி இங்கன வச்சேன் தாயி. மேல வெறும் மணிதான் தொங்குச்சு. ஆனா தோட்டத்துல நாங்க அம்புட்டுப் பேரும் கேட்டோம். நானும் எண்ணுனேன். இருபத்துநாலு. பொறவு ஐம்பத்தெட்டு. பொறவு நாப்பத்தஞ்சு."

அவர் சாக்கை மறுபடி சுற்றினார்.

"அந்த மூணாவது ஆருக்குன்னுதான் தெரியல."

நான் சொல்லவில்லை. அப்போது எனக்கு முப்பத்தொன்பது. கருகிய பக்கத்தைத் திரும்ப எழுதவும் இல்லை. அது இல்லாமலேதான் மலர் வந்தது.

இன்று 1998 டிசம்பர் 14. பரிபூரணம் தற்கொலை செய்துகொள்ளவில்லை. நான் பார்த்தேன்.

வருகிற மார்ச் ஒன்பதாம் தேதி எனக்கு நாற்பத்தைந்து வயது.