அம்மா உட்கார்ந்த சீட்டு

ஊர் ஊராக லாரி ஓட்டிச் சேர்த்த காசில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினேன். கதவைத் திறந்ததும் வெயிலில் காய்ந்த தோல் சீட்டின் வாசனை அடித்தது.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் அம்மா வேலை செய்தாள். சாயங்காலம் பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். சீட்டு காலியாக இருந்தாலும் அவள் உட்கார மாட்டாள். நான் கையைப் பிடித்து இழுத்தால், "அடுத்த ஸ்டாப்புல எறங்கணும்டா" என்பாள். நாங்கள் இறங்குவது கடைசி ஸ்டாப்பில்.

வேலையை விட்டுப் பல வருஷம் ஆகியும் காரில் ஏறத் தயங்கினாள்.

"இன்னாடா, ஷாப் வாசனை அடிக்குது?"

"சீட்டே தோலும்மா. அதான் வெல ஜாஸ்தி."

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். பாலாற்றுப் பாலம் வரை வேகமாகப் போய்த் திரும்பினோம். வீட்டு வாசலில் நிறுத்தினேன்.

"எறங்கும்மா."

"அடுத்த ஸ்டாப்புல எறங்குறேன். நீ போடா."