கடைசிப் படமும், காணி பார்க்கப் போன நானும்

போன பௌர்ணமிப் போயா லீவன்று வீட்டில் எல்லோருமாக ஒரு படம் பார்த்தோம். அட்டனில் விடாத மழை. இன்டர்நெட் மட்டும் அதிசயமாக அறுந்து போகாமல் இருந்தது.

ஒரு பெரிய சஸ்பென்ஸ் டைரக்டரின் கடைசிப் படம் அது. யார் என்று கேட்காதீர்கள்... சொல்லிவிட்டால் அப்புறம் என்ன சஸ்பென்ஸ்? அவர் படம் பார்த்துவிட்டு லைட்டை அணைக்காமல் படுத்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

அதனால் ஒரு கொலையாவது விழும் என்று தலையணையைக் கட்டிப்பிடித்தபடி காத்திருந்தேன். விழவே இல்லை! ஒரு நகை காணாமல் போகிறது. அவர்கள்தான் திருடர்கள் என்று இவர்களும், இவர்கள்தான் என்று அவர்களுமாக இரண்டு குடும்பங்கள் மாறி மாறிப் பின்தொடர்கின்றன. மீசை ஒட்டிக்கொள்கிறார்கள், தொப்பி மாற்றுகிறார்கள். கடைசியில் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஒரே அலமாரிக்குள் ஒளிந்து, இருட்டில் முழங்காலை இடித்துக்கொள்கிறார்கள். நகை? அது தொலையவே இல்லை.

என் மனைவி புஷ்பத்துக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. எனக்குச் சப்பென்று போனது. காலமெல்லாம் ஊரையே நடுங்க வைத்த மனிதர், கடைசியில் கிச்சுகிச்சு மூட்ட வந்துவிட்டாரே!

"பாத்தீங்களாப்பா? துப்பறியப் போறவங்க கதி இதுதான்," என்றாள் மகள் கவிதா. "நீங்க எங்கயும் கெளம்பிராதீங்க."

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கவிதா கந்தப்பளையில் டீச்சர். அதே ஸ்கூலில் கணக்குப் படிப்பிக்கும் சுதாகரை அவளுக்குப் பிடித்திருக்கிறது. அவனுக்கும் அப்படியே. பையனுக்கு ஊர் பூண்டுலோயா. அடுத்த வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டார் முறைப்படி பெண் பார்க்க வருவதாகப் பேச்சு.

பெண் பார்ப்பதற்கு முன்னால் எங்கள் பக்கத்தில் ஒரு சடங்கு உண்டு. யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஆனால் எல்லோரும் செய்வார்கள். அதுதான் விசாரிப்பு. பையன் ஊருக்குப் போய், டவுனில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, பேச்சோடு பேச்சாகக் குடும்பத்தைப் பற்றித் தெரிந்துகொண்டு வருவது. எதற்கு வந்தீர்கள் என்று யாராவது கேட்டால் பதில் தயாராக இருக்கும் – காணி பார்க்க வந்தோம். சொந்தமாக ஒரு துண்டு நிலமில்லாமல் தோட்டத்து லயத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்த சனங்களுக்குக் காணி பார்ப்பதில் அப்படி ஓர் ஆசை!

ஆனால் விசாரித்தது வெளியே தெரிந்தால் காரியம் கெட்டுவிடும். என் அக்கா மகள் கல்யாணப் பேச்சு அப்படித்தான் முறிந்தது. அத்தான் பஸ் ஸ்டாண்டில் நின்று சத்தமாக விசாரித்துவிட்டார். "எங்கமேல சந்தேகமா?" என்று மாப்பிள்ளை வீட்டார் அதோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்தப் பிள்ளை அழுத அழுகையைக் கவிதா பக்கத்தில் இருந்து பார்த்தவள்.

"எனக்கு அவரத் தெரியும்பா. அது போதும்," என்றாள்.

அவளுக்குப் போதும். எனக்கு? ஒரே பிள்ளை. உள்ளுக்குள் பயமாக இருந்தது, வேறென்ன? செவ்வாய்க்கிழமை காலையில், "தலவாக்கலையில ஒரு வேல" என்று புஷ்பத்திடம் பொய் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். கம்பளிக் குல்லாவைப் புருவம் வரை இழுத்துவிட்டேன். மகளின் பழைய கூலிங் கிளாஸ் வேறு. மீசை ஒட்டாததுதான் பாக்கி.

பூண்டுலோயாவில் ஒரு முஸ்லிம் நானாவின் டீக்கடை. பிளேன்டீயும் வடையும் சொன்னேன்.

"சேருக்கு எந்தப் பக்கம்?"

"கண்டிப் பக்கம். காணி பாக்க வந்தேன்."

நானா தலையாட்டியபடி வடையை ஒரு பேப்பர் துண்டில் வைத்து நீட்டினார். வடையை எடுத்தேன். அடியில் நான்! போன ஞாயிறு பேப்பரில், வாரா வாரம் நான் எழுதும் இதே பத்தியில் வந்த என் போட்டோ. நெற்றியில் எண்ணெய் வழிய, உங்களைப் பார்த்துச் சிரிக்கிற அதே சிரிப்பு.

நானா பேப்பரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் பேப்பரைப் பார்த்தார்.

"கண்ணாடியக் கழட்டிட்டுச் சாப்பிடுங்க சேர். பேப்பர்ல எழுதுறவர் மகளத்தான் பாக்கப் போறாங்கன்னு ஊருக்கே தெரியும். சுதாகர் தம்பியப் பத்தித்தானே கேக்க வந்தீங்க?"

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நான் கண்ணாடியைக் கழற்றினேன்.

"தங்கமான புள்ள. திடீர்னு மழ புடிச்சா எங்கட கடைப் படங்குத் தார்ப்பாய இழுத்துக் கட்டுறது அந்தத் தம்பிதான். நனைஞ்சு போய்க் கட்டிட்டு, டீ கூடக் குடிக்காமப் போயிரும்." என் நெஞ்சிலிருந்த கல் பாதி இறங்கியது. "அவங்க அப்பா பெரியவர்கிட்டயும் பேசலாம்னா அவரு இல்லியே. காலையிலயே அட்டனுக்குப் போயிட்டாரு."

"எதுக்கு?"

நானா முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. "காணி பாக்க!"

இறங்கிய கல் திரும்ப ஏறிக்கொண்டது. அட்டனில் அவர் யாரைக் கேட்பார்? பஸ் ஸ்டாண்ட் பக்கத்து சலூனில் உட்காருவார். வாரா வாரம் நான் அரசியல் பேசிச் சண்டை பிடிக்கும் அதே சலூனில்! போதாக்குறைக்கு நான் இங்கே மாட்டிக்கொண்டேன். விஷயம் அவர் காதுக்குப் போனால் கவிதாவின் கதி? நானாவின் கையைப் பிடித்தேன்.

"யார்ட்டயும் சொல்லிராதீங்க நானா."

"நான் ஏன் சேர் சொல்றேன்!"

தலவாக்கலையில் இறங்கி அட்டன் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். மழைக்கு ஒதுங்கி பெஞ்சில் உட்கார்ந்தால், பக்கத்தில் ஒருவர். புருவம் வரை குல்லா. கழுத்தில் மஃப்ளர். கையில் இருந்த பிளேன்டீயை முகர்ந்து பார்த்து, "இதெல்லாம் தேயிலையா? தூசி" என்று தனக்குத்தானே திட்டிக்கொண்டார். சுதாகரின் அப்பா தங்கவேலு தேயிலைத் தொழிற்சாலையில் ரிட்டயர்டான டீமேக்கர் என்று கவிதா சொல்லியிருந்தது ஞாபகம் வந்தது.

மெல்ல எழுந்திருக்கப் பார்த்தேன். அதற்குள் அவர் திரும்பிவிட்டார். ஞாயிறு பேப்பர் பூண்டுலோயாவுக்கும் போகிறதே!

"ஐயா... இந்தப் பக்கம்?" என்றார்.

"காணி பாக்க வந்தேங்க. நீங்க?"

"நானும் காணி பாக்கத்தான்..." என்றபடி மஃப்ளரை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

இரண்டு பேரும் மழையைப் பார்த்தோம். அந்த அலமாரிக்குள் முழங்கால் இடிக்கும்போது எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

முதலில் சிரித்தது அவர்தான். அப்புறம் நான். பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம்.

"கோவிச்சுக்காதீங்க," என்றார் கண்ணைத் துடைத்தபடி. "ஒரே மகன். பேப்பர்ல எழுதுற ஆளாச்சே, எங்கள மாதிரி தோட்டத்துச் சனங்கள மதிப்பாரோ என்னமோன்னு பயமா இருந்துச்சு."

"எனக்கும் ஒரே மக. எனக்கும் பயந்தான். சலூன்ல என்ன சொன்னாங்க?"

"நல்ல மனுசன், ஆனா படம் பாக்க உக்காந்தா வீடு பத்திக்கிட்டாலும் எந்திரிக்க மாட்டாருன்னாங்க."

"அது உண்மைதான்."

படங்கு இழுத்துக் கட்டிய கதையை நான் சொன்னேன். மகனைப் பற்றி அவருக்கே தெரியாத கதையாம். மஃப்ளரால் மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார், இந்த முறை சிரிக்காமல். பிள்ளைகளிடம் மூச்சு விடுவதில்லை, வெள்ளிக்கிழமை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் நடந்துகொள்வது என்று முடிவு செய்துகொண்டு ஆளுக்கொரு பஸ்ஸில் ஏறினோம். அவ்வளவு நிம்மதியாக அந்த ரோட்டில் நான் வந்ததே இல்லை.

அந்த டைரக்டர்மேல் எனக்கிருந்த கோபமும் வழியிலேயே போய்விட்டது. எத்தனை இருட்டையும் எத்தனை நிழலையும் காட்டியவர் அவர்! நிழலுக்குள் ஒளிந்து நிற்கிறவனுக்கும் தொடை நடுங்குகிறது என்று கண்டபிறகு, சிரிக்காமல் எப்படிப் படம் எடுப்பார்?

வெள்ளிக்கிழமை வந்தார்கள். நானும் தங்கவேலுவும் கைகூப்பி, "ஒங்களச் சந்திச்சதுல ரொம்பச் சந்தோசங்க" என்று அருமையாக நடித்தோம். புஷ்பம்கூட நம்பிவிட்டாள். கவிதா டீ கொண்டு வந்தாள். அப்புறம் வடை. எனக்கும் அவருக்கும் மட்டும் தட்டு இல்லை. ஆளுக்கொரு பேப்பர் துண்டு... இரண்டிலும் எண்ணெய் வழிய நான்!

நானா யாரிடமும் சொல்லவில்லைதான். சுதாகரிடம் மட்டும் போனில் சொல்லியிருக்கிறார்.

கவிதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சுதாகர் வெகு மரியாதையாக என் பக்கம் குனிந்தான்.

"காணி புடிச்சிருந்துச்சா, மாமா?"

முதல் தடவையாக மாமா என்று கூப்பிடுகிறான். பிடிக்கவில்லை என்று சொல்ல வாய் வருமா?