கோலைத் தேடி வந்தவர்கள்

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை. காஞ்சிபுரத்தில் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி இருந்த ஒரு காலி மைதானத்தில் பந்தல் போட்டு, சுகமளிக்கும் கூட்டம் நடத்தினார்கள். வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். குருடர் பார்க்கிறார்கள், முடவர் நடக்கிறார்கள் என்று சுவரெல்லாம் நோட்டீஸ். அதைப் பார்த்த அன்றே அம்மா உபவாசம் இருக்கத் தொடங்கிவிட்டாள். முடவர் என்பது நான்தான்.

எனக்கு அப்போது இருபது வயது இருக்கும். கைக்குழந்தையாக இருந்தபோது வந்த இளம்பிள்ளைவாதத்தில் இடது கால் சூம்பிப் போயிருந்தது. கோல் இல்லாமல் தரையிலிருந்து எழுந்திருக்க முடியாது. அக்கம்பக்கத்துத் தறிக்காரர்களுக்கு இராட்டையில் தார் சுற்றிக் கொடுப்பேன். தறி நாடாவுக்குள் போடும் பட்டு நூலைச் சின்னக் குழலில் சுற்றுகிற வேலை அது. உட்கார்ந்து செய்கிற வேலையில் காலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அப்பா இல்லை. அம்மா ஒரு பள்ளிக்கூட விடுதியில் சமையல் செய்துகொண்டிருந்தாள். என் காலை அம்மா கால் என்று சொல்லமாட்டாள், "அது" என்பாள். பெண் கேட்டு யாரும் வராததற்குக் காரணம் "அது". எங்கள் சபைக் கோயிலில் என் கோல் சத்தம் கேட்டு யாராவது திரும்பிப் பார்த்தால் அம்மா தலையைக் குனிந்துகொள்வாள். எனக்குப் பழகிவிட்டது, அவளுக்குத்தான் பழகவில்லை.

கூட்டத்தின் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அந்தப் பிரசங்கியாரைப் பொய்யர் என்று நான் இன்றும் சொல்லமாட்டேன். ஜெபிக்கும்போது அவர் கண்ணில் நிஜமாகவே நீர் வழிந்தது. விசுவாசிக்கிறவர்கள் தாங்கிப் பிடித்திருப்பதை விட்டுவிடுங்கள் என்றார். நான் யோசிப்பதற்குள் அம்மா என் கோலைப் பிடுங்கி முன்னால் இருந்தவரிடம் கொடுத்துவிட்டாள். அது கைமாறிக் கைமாறிப் போய் மேடைக்கு முன்னால் விழுந்தது. அங்கே ஏற்கெனவே கோலும் கட்டையுமாக ஒரு குவியல் கிடந்தது.

இரண்டு பெண்கள் வந்து என் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார்கள். மேடையில் ஏறினேன், நடந்தேன். கூட்டம் அல்லேலூயா என்று ஆர்ப்பரித்தது. நடக்கிறேன் என்றுதான் நானும் நம்பினேன். மேடைக்குப் பின்னால் கொண்டுபோய் மணலில் உட்கார வைத்துவிட்டு அவர்கள் கையை எடுத்தபோதுதான் யார் நடந்தது என்று புரிந்தது. முன்னால் நின்று அழுதுகொண்டிருந்த அம்மாவுக்கு அது தெரியவில்லை.

ரிக்‌ஷாவில் வந்து வீட்டு வாசலில் இறங்கியதுமே விழுந்தேன். அம்மா தூக்கிவிட்டாள்.

"இன்னாடி, விசுவாசத்துல கொறை வெக்கிறியா? போவப் போவ சரியாயிடும். கோலைத் தொட்டியானா வந்த சுகம் போயிடும்."

வரும் வழியிலேயே அவள் ஐயரைப் பார்த்துச் சொல்லியாயிற்று. போதகரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வோம். ஞாயிறு ஆராதனையில் நான் சாட்சி சொல்லப் போகிறேன் என்று ஏற்பாடு. கோலோடு போனால் அம்மா சபைக்கு முன்னால் பொய்க்காரி ஆவாள். கோல் இல்லாமல் போனால் நான் சபைக்கு முன்னால் விழுவேன். நடுவில் ஒரு சனிக்கிழமை இருந்தது.

சனிக்கிழமை அம்மா வேலைக்குக் கிளம்பியதும், பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை போய் ரிக்‌ஷா ஏறினேன். மைதானத்தில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கோல்களையெல்லாம் ஒரு ஓரமாகப் போட்டிருந்தார்கள். அந்தக் குவியலுக்குள் ஒரு தையல்காரர் தரையில் உட்கார்ந்து துழாவிக்கொண்டிருந்தார். கழுத்தில் அளவெடுக்கும் நாடா அப்படியே தொங்கியது. என்னைப் பார்த்ததும் திருடப் போய் மாட்டிக்கொண்டவர் மாதிரி விழித்தார்.

"நேத்து நீயும் நடந்தியாமா?"

"நடந்தேங்க."

"நானும்தான்."

அவ்வளவுதான், இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க அதிகமானது. அதற்குள் நெற்றியில் நாமத்தோடு ஒருவர் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார். சின்ன காஞ்சிபுரத்து நெசவாளி. "எங்க பெருமாளாண்ட சொல்லிக்கினுதான்பா இங்க வந்தேன். ரெண்டு பேருமே கண்டுக்கல" என்றார். பந்தல்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாரும் வராவிட்டால் டீக்கடை அடுப்புக்குக் கொடுத்துவிடலாம் என்று இருந்தாராம்.

தையல்காரர் தம் கட்டையைக் கண்டுபிடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "கால் வரலைன்னு எனக்குத் துக்கம் இல்லமா. நேத்துலேர்ந்து ஒரு சொம்பு தண்ணிக்கும் இன்னொருத்தரைக் கூப்பிட வேண்டியதாப் போச்சு, அதான் தாங்கல" என்றார்.

என் கோலைக் கண்டுபிடிப்பது சுலபம். உள்ளங்கை காய்த்துப் போகாமலிருக்க அதன் தலையில் கழிவுப் பட்டு நூலைச் சுற்றி வைத்திருந்தேன். அரக்கும் மஞ்சளுமாக அது தெரிந்ததும், சிரித்துக்கொண்டிருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது. தொலைந்த பிள்ளை கிடைத்த மாதிரி இருந்தது. மரத்துண்டுக்கு இப்படி அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்து பகல் முழுக்க இராட்டை சுற்றிக்கொண்டே ஒன்றை யோசித்தேன். உயிர்த்தெழுந்து வந்த ஆண்டவரின் கையில் ஆணிக் காயம் அப்படியே இருந்தது. சாவையே ஜெயித்தவருக்குத் தழும்பை அழித்துக்கொள்வதா கஷ்டம்? நம்பாமல் நின்ற சீஷன் தோமாவைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கவல்லவா சொன்னார்! சிறு வயதிலிருந்து கேட்ட கதைதான். அன்றுதான் அது என் காலைப் பற்றியது என்று பட்டது.

சாயங்காலம் கோலைப் பார்த்த அம்மா கத்தவில்லை. "நாளைக்கு ஐயர் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" என்றாள். "உள்ளதைச் சொல்லிடலாம்மா" என்றேன். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. இந்தத் தடவை அது உபவாசம் இல்லை.

மறுநாள் கோயிலுக்கு என்னை விட்டு நாலு எட்டு முன்னாலேயே நடந்தாள். வாசலில் திரும்பி, "அதைச் செருப்பாண்டயே வெச்சிட்டு வா" என்றாள். என்னைப் பிடித்துக்கொண்டு போய்ப் பாயில் உட்கார வைத்தாள். பாட்டு முடிந்தது. கர்த்தர் நம் சகோதரிக்குச் செய்த அற்புதத்தை இப்போது கேட்போம் என்று ஐயர் என் பக்கம் கைநீட்டினார்.

எல்லோரும் திரும்பினார்கள். நான் எழுந்திருக்கவில்லை. தரையில் கையை ஊன்றிப் பார்த்தேன், முடியவில்லை. யாரோ இருமினார்கள். பெண்கள் பக்கம் கிசுகிசுப்பு தொடங்கியது. அம்மா மடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் காது சிவந்திருந்தது. அவளுக்காக நான் பட்ட வேதனையை என் காலுக்காக ஒருநாளும் பட்டதில்லை.

பிறகு அம்மா எழுந்தாள். வீட்டுக்குப் போய்விடப் போகிறாள் என்று நினைத்தேன். பாய்களுக்கு நடுவே அத்தனை பேர் பார்க்க நடந்து வாசலுக்குப் போய், செருப்புகளுக்கு நடுவிலிருந்து கோலை எடுத்தாள். முந்தானையால் அதன் மண்ணைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்து என் கையில் கொடுத்தாள்.

"எழுந்திருமா. உன் காலு அப்படியேதான் இருக்குது. அதையே சொல்லு."

அம்மா வாயிலிருந்து கால் என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். எழுந்து நின்று இரண்டு வாக்கியம் பேசினேன். ஆணித் தழும்பைப் பற்றி யோசித்து வைத்திருந்ததையெல்லாம் சொல்லவில்லை. கால் சுகமாகவில்லை, ஆனாலும் ஸ்தோத்திரம் என்று மட்டும் சொன்னேன். ஐயர் ஆமென் என்றார்.

அம்மா போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. இதற்குள் எத்தனையோ கோல் மாற்றிவிட்டேன், தலையில் பட்டு நூல் சுற்றுவதை மட்டும் விடவில்லை. என் வயதுப் பெண்கள் இப்போது முழங்கால் வலியில் கோல் எடுக்கக் கூச்சப்படுவதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. கால் வேண்டும் என்று அதற்குப் பிறகு நான் ஜெபித்ததில்லை. வேண்டாம் என்பதால் அல்ல, இருக்கிற காலோடு என் அம்மா என்னைச் சபை நடுவே எழுப்பி நிறுத்திய அன்றே, கேட்டது கிடைத்துவிட்டது என்பதால்தான்.